பக்கத்து அறை நாற்காலி

போன வாரம் டீச்சர் எதுவும் பேசாமல் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனதற்கு உங்களில் பலர் என்னைத்தான் திட்டினீர்கள். முதுகெலும்பே இல்லாத பெண்ணைப் படைத்துவிட்டதாக ஒரு வாசகிக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கொஞ்சம் பொறுங்கள். தலையை ஆட்டியவர்கள் எல்லாம் சம்மதித்துவிட்டார்கள் என்று நினைப்பது பெரிய டாக்டரின் பழக்கம். அது நமக்கும் தொற்ற வேண்டாம்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. பெரிய டாக்டர் பேர் வாங்கிய பல் மருத்துவர். டீச்சர் அவருடைய மனைவி. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர். சின்ன டாக்டர் பெரிய டாக்டரின் தங்கை. ஈறு வைத்தியத்துக்கென்றே தனியாகப் படித்து வந்தவர். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே கிளினிக், அடுத்தடுத்த அறைகள். நாத்தனாரும் அண்ணியும் ஒரு கட்சியாக இருப்பது தொடர்கதைக்கு ஆகாது என்று என் ஆசிரியர்கூடச் சொல்லிப் பார்த்தார். இந்த வீட்டில் அப்படித்தான், நான் என்ன செய்ய?

மூன்று மாதத்துக்கு முன்னால் டீச்சர் ஓர் ஆப்பிளைக் கடித்தார். கடித்த இடத்தில் ரத்தம் பதிந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த கணவர் பார்த்துவிட்டார். செல்போன் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, மேல் வரிசை முன்பற்கள் நான்கையும் விரலால் அசைத்துப் பார்த்தார். "நாலும் போச்சு. எடுத்துட்டுப் புதுசா வெச்சுடலாம்" என்றார். தக்காளி அழுகிவிட்டது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அதற்கப்புறம் புதன்கிழமை மதியங்களில், அவர் கல்லூரிக்கு வகுப்பெடுக்கப் போன நேரம் பார்த்து, சின்ன டாக்டர் அண்ணியின் பல் வேர்களை ஈறுக்கு அடியில் வரை சுரண்டிச் சுத்தம் செய்தது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்குத்தான் தெரியாது. பெரிய டாக்டர் பாட்டுக்குப் பல் பிடுங்க நாள் குறித்தார்; போன வாரம் டீச்சர் தலையாட்டியது அதற்குத்தான். அந்த நாள் இன்றைக்கு.

காலையில் அவர் கிளம்பும்போது வாசலில் நின்று, "பத்து மணிக்கு வந்துடு. வயித்துக்கு ஏதாவது சாப்பிட்டுட்டு வா. ஒண்ணும் வலிக்காது" என்றார். டீச்சர் மறுபடியும் தலையை ஆட்டினார்.

கதவைச் சாத்திவிட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். கையில் இருந்த பல் துலக்கும் பிரஷ் வெள்ளை நிறம். இதில் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. இத்தனை வருடமும் டீச்சர் கருஞ்சிவப்பு பிரஷ்தான் வாங்கினார். கடையில் வேறு நிறம் கிடைக்காமல் இல்லை. ரத்தம் பட்டால் தெரியாது, அதனால். பல் டாக்டர் வீட்டில், பல் டாக்டர் பெண்டாட்டி, ரத்தத்தை மறைக்க நிறம் பார்த்து பிரஷ் வாங்கினாள் என்றால் யார் நம்புவார்கள்?

ஆரம்பத்தில் அவர் கணவரிடம் சொல்லித்தான் பார்த்தார். தேய்த்தால் ரத்தம் வருகிறது, கொஞ்சம் பாருங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றார் கணவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால், வாரம் முழுக்க அடுத்தவர் வாயையே பார்த்துவிட்டு வந்தவனை இன்றைக்காவது விடு என்பார். சொல்லிச் சொல்லி டீச்சருக்கு வாய் ஓய்ந்தது. அப்புறம் வெட்கம் வந்தது. வெட்கம் வந்தபின் மறைக்கும் வேலைதான் மிச்சம். சிரித்தால் கை தானாக வாய்க்குப் போனது.

அந்தக் கை ஒரு நாள் வகுப்பிலும் போனதுதான் தப்பு. உதட்டைப் பார்த்துச் சொல்லைப் புரிந்துகொள்கிற பிள்ளைகள் அவர்கள். மேல் பல் கீழுதட்டைத் தொட்டால் ஒரு எழுத்து, நாக்கு பல்லைத் தொட்டால் இன்னொரு எழுத்து. டீச்சரின் வாய்தான் அவர்களுடைய கரும்பலகை. முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை எழுந்து வந்து, டீச்சரின் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். மரியாதைக் குறைவாக ஒன்றும் இல்லை. பலகையை யாரோ மறைத்தால் நகரச் சொல்வோமே, அதேதான்.

நாலு பல்லையும் எடுத்துவிட்டு மாதக்கணக்கில் கழற்றி மாட்டும் பல் பிளேட்டோடு நின்றால் அந்தப் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்? இதைக் கணவரிடம் கேட்டபோது, பழகிடும் என்றார். யாருக்குப் பழகிடும் என்று டீச்சர் அன்றைக்குக் கேட்கவில்லை. மனத்துக்குள் போட்டு வைத்துக்கொண்டார்.

வெள்ளை பிரஷ்ஷால் நிதானமாகத் தேய்த்தார். துப்பினார். தண்ணீர் தெளிவாக இருந்தது. கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துவிட்டுக் குழாயை மூடினார்.

கிளினிக் கூடத்தில் கூட்டம் அதிகமில்லை. ஒரு லாரி டிரைவர் மட்டும் வீங்கிய கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சரைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார். டாக்டர் வீட்டு அம்மாவே பல் காட்ட வந்திருக்கிறார் என்பதில் அவருக்கு ஏதோ ஆறுதல்.

நர்ஸ் முதல் அறைக் கதவைத் திறந்து பிடித்தாள். உள்ளே எல்லாம் தயார். விளக்கு எரிந்தது. ட்ரேயில் மரத்துப்போகும் ஊசியும், பல் பிடுங்கும் கொறடும், மடித்த பஞ்சும் வரிசையாக இருந்தன. பெரிய டாக்டர் முகக்கவசத்தைக் காதில் மாட்டிக்கொண்டே திரும்பி, "வா, வா, உக்காரு" என்றார்.

டீச்சர் வாசலில் ஒரு கணம் நின்றார். அவரைப் பார்த்தார். அப்புறம் அந்தக் கதவைத் தாண்டி நடந்து, அடுத்த அறைக்குள் போய், அங்கிருந்த நாற்காலியில் ஏறிச் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

நர்ஸுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. லாரி டிரைவர் மட்டும், "அந்த ரூம்ல வலிக்காது போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பெரிய டாக்டர் வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது. தங்கை கையுறையோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய ட்ரேயும் தயாராகத்தான் இருந்தது. அதில் கொறடு இல்லை.

"என்ன நடக்குது இங்க?"

"ஈறு ஆபரேஷன்" என்றார் சின்ன டாக்டர். "அண்ணிக்கு. இன்னிக்குத்தான் நாள் குடுத்திருந்தேன்."

புதன்கிழமை மதியங்களின் கதை முழுவதும் அப்போதுதான் வெளியே வந்தது. வேரைச் சுத்தம் செய்தது, ரத்தம் நின்றது, ஆடாமல் இருக்க நாலு பல்லையும் பின்பக்கம் மெல்லிய பட்டையால் ஒன்றோடொன்று ஒட்டியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. இன்னும் சில இடங்களில் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழமான பை மிச்சம் இருக்கிறது, அதை ஈறைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்றும் சொன்னார். பெரிய டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. தன் கூரைக்குக் கீழே, தனக்குத் தெரியாமல்.

அவர் முட்டாள் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். எலும்பு கரைந்த பல்லைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் பலரை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு அவருக்கு வந்த கோபம் வைத்தியக் கோபம் மட்டும் இல்லை. அந்த நாலு பல்லும் அவர் தட்டிக்கழித்த ஞாயிற்றுக்கிழமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தன. அவை சீக்கிரம் வாயைவிட்டுப் போய்விட்டால் நல்லது என்று அவருக்கு இருந்தது. இது அவருக்கே தெரியுமோ என்னவோ.

ட்ரேயில் சின்ன ஊசிக்குழாய் ஒன்றில் கண்ணாடிபோலத் தெளிந்த பசை இருந்தது. அதை எடுத்துப் பேரைப் படித்தார். "ஹையலூரானிக் ஆசிட். அதானே பார்த்தேன். பொம்பளைங்க முகச் சுருக்கத்துக்குப் பூசுற சமாசாரம். அதைப் பூசி எலும்பை வளர்க்கப் போறியா?"

வெளியே இருந்து லாரி டிரைவரின் குரல் வந்தது. "ஆசிட்டா? வாயிலயா?"

"பேருதான் ஆசிட்" என்று சின்ன டாக்டர் கதவுப் பக்கம் பார்த்துச் சொன்னார். "உங்க முழங்கால் மூட்டுல இருக்கு, கண்ணுல இருக்கு, ஈறுலயும் இருக்கு. பயப்படாம உக்காருங்க."

பிறகு அண்ணனிடம் திரும்பினார். அது மந்திரம் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், புண் ஆறும் இடத்தில் உதவியாக நிற்கும், எலும்பு கரைந்த பள்ளத்தை நிரப்பும் எலும்புத் தூளோடு கலந்து வைத்தால் அதைக் கலையாமல் பிடித்துக்கொள்ளும். வேர் அழுக்காக இருந்தால் எந்தப் பசையும் பிரயோஜனமில்லை, அதனால்தான் இத்தனை புதன்கிழமைகள் என்றார். எத்தனையோ பேருக்கு எலும்பு ஓரளவு திரும்பியிருக்கிறது, சிலருக்கு இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

"நீ நாலையும் பிடுங்கிட்டு இம்ப்ளான்ட் வெச்சாலும் ஈறு இதே ஈறுதானே அண்ணா? நோய் அடங்காத வாயில வெச்சா அதுவும்தான் ஆடும்."

"தோத்துப்போச்சுன்னா? வெளிய என்ன பேசுவாங்க? சொந்தப் பெண்டாட்டி பல்லையே காப்பாத்த முடியலைன்னு சொல்ல மாட்டாங்க?"

அதுவரை சாய்ந்து கிடந்த டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். கழுத்தில் கட்டிய பச்சைத் துணி அப்படியே இருந்தது.

"சொல்லட்டுமே" என்றார். "இத்தனை வருஷம் ஒண்ணும் தெரியாம நல்ல பேர் சொன்னாங்க, இனிமே தெரிஞ்சு சொல்லட்டும். நான் உங்க பேரைக் காப்பாத்த வரல. பல்லைக் காப்பாத்த வந்திருக்கேன்."

"நான் உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்."

"நீங்க என் வாயைத் திறந்து பார்த்ததே ஒரு தடவை. அதுவும் செல்போன் வெளிச்சத்துல. அந்த ஒரு தடவையில நாலு பல்லுக்கும் தீர்ப்பு எழுதிட்டீங்க. உங்க தங்கை இவ்வளவு நாள் பார்த்திருக்கா. யார் பேச்சைக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியும். நகருங்க, வெளிச்சம் மறைக்குது."

அவர் நகர்ந்தார். முகத்தில் அறைந்த மாதிரி இருந்திருக்கும். ஆனால் அறையைவிட்டுப் போகவில்லை. கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஊசி போட்டு, உதடு மரத்து, ஈறைக் கீறி மெல்ல விலக்கியதும் உள்ளே இருந்தது தெரிந்தது. ஊசியின் உபயத்தில் டீச்சருக்கு வலியில்லை. பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்குத்தான் மூச்சு நின்றது.

மூன்று பல்லைச் சுற்றி எலும்பு, நினைத்ததைவிட நன்றாக இருந்தது. பள்ளம் இருந்தாலும் சுற்றிலும் எலும்புச் சுவர் இருந்தது. எலும்புத் தூளும் பசையும் தங்க இடம் உண்டு. சின்ன டாக்டர் உடம்பு தளர்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் நாலாவது பல்லுக்கு, இடது ஓரத்துப் பல்லுக்கு, வந்தார். அங்கே ஒரு பக்கத்துச் சுவரே இல்லை. வேர் பாதிக்கு மேல் வெறுமையாகத் தெரிந்தது.

அவர் எதுவும் சொல்வதற்குள் அண்ணன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டார்.

"நான் சொன்னேன்ல" என்றார். குரலில் வெற்றி இல்லை. "இதை மட்டுமாவது இப்பவே எடுத்துடு. எப்படியும் திறந்திருக்கு. இன்னொரு தரம் அவ வாயில கத்தி பட வேண்டாம்."

நியாயமான பேச்சுதான். சின்ன டாக்டருக்கும் தெரிந்தது. இவ்வளவு நேரம் அண்ணனோடு மல்லுக்கு நின்றவர் இப்போது கையிலிருந்த கருவியை ட்ரேயில் வைத்தார். அண்ணியின் முகத்துக்கு நேராகக் குனிந்து உள்ளதை உள்ளபடி சொன்னார். "அண்ணி, மூணு நிக்கும்னு நம்பறேன். இந்த ஒண்ணுக்கு நான் வாக்கு தர மாட்டேன். வெச்சுப் பார்க்கலாம், ஆனா போனாலும் போகும். எடுக்கணும்னா இப்பவே எடுக்கலாம். நீங்கதான் சொல்லணும்."

வாய் நிறையக் கருவிகள். உதடு மரத்துக் கிடந்தது. பேச வழியில்லை. ஆனால் பேச்சில்லாமல் பேசுவதுதானே அவர் பிழைப்பு. டீச்சர் வலது கையை உயர்த்தினார். நாலு விரல்.

"சரியா யோசிச்சுக்கோ" என்றார் கணவர்.

கை இறங்கவில்லை. நாலு விரலையும் அவர் முகத்துக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டு போனார்.

அதற்குமேல் யாரும் விவாதிக்கவில்லை. சின்ன டாக்டர் வேர்களை இன்னொரு முறை சுத்தம் செய்தார். எலும்புத் தூளில் பசையைக் கலந்து, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டதும் பள்ளங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார். நாலாவது பல்லுக்கு வரும்போது உதடு சரிந்து சரிந்து மறைத்தது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் வைக்க வேண்டியிருந்தது.

பின்னால் குழாய்ச் சத்தம் கேட்டது. திரும்பினால் பெரிய டாக்டர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு நாற்காலியின் மறுபக்கம் வந்தார். அவர் கை உதட்டின் பக்கம் நீண்டதும் டீச்சர் அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"பிடுங்க வரல" என்றார் அவர். "உதட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கறேன். அவளுக்குத் தைக்க வசதியா இருக்கும்."

"உதட்டை மட்டும்" என்றார் தங்கை.

"உதட்டை மட்டும்."

டீச்சர் பிடியை விட்டார். உடனே விடவில்லை, யோசித்துத்தான் விட்டார். முடியைவிட மெல்லிய நூலால் தங்கை ஒவ்வொரு தையலாகப் போட்டு முடிக்கிறவரை அண்ணன் கொஞ்சமும் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவில் ஒரு முறை, "இங்க கொஞ்சம் தளர்வா இருக்கு" என்றார். தங்கை பார்த்தார். தளர்வாகத்தான் இருந்தது. இறுக்கிக்கொண்டார்.

டீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. தையல் பிரிக்கிற வரை நாத்தனார் வீட்டில்தான் இருப்பேன் என்று முன்பே முடிவு செய்து, மாற்றுத் துணியைக் காலையிலேயே பையில் வைத்து எடுத்து வந்திருந்தார். போன வாரம் தலையாட்டியதற்கு அர்த்தம் இப்போது விளங்குகிறதா?

சாயங்காலம் பெரிய டாக்டர் தங்கை வீட்டுக்கு வந்தார். டீச்சர் கூடத்துச் சோபாவில் ஐஸ் பையை உதட்டில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலுதடு வீங்கியிருந்தது. மரப்பு விட்டுவிட்டதால் பேச்சு வந்தது, மெதுவாக. சின்ன டாக்டர் ஆறின பாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகிற மாதிரி போய்ச் சமையலறை வாசலில் நின்றுகொண்டார்.

கணவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலிக்கிறதா, மாத்திரை போட்டாயா, படுக்கும்போது தலையணையை உயர்த்தி வைத்துக்கொள் என்று வரிசையாகக் கேட்டார், சொன்னார். எல்லாவற்றுக்கும் டீச்சர் பதில் சொன்னார். அப்புறம் அவர் வீட்டுக்கு வா என்றார். டீச்சர் ஐஸ் பையைத் திருப்பி ஒற்றிக்கொண்டார்.

"அந்த ஓரத்துப் பல் நிக்காது" என்றார் அவர். "எலும்பு இல்லாததை என் கண்ணால பார்த்தேன். ஆறு மாசத்துல விழுந்தா என்ன பண்ணுவே?"

"விழுந்தா நானே கையில எடுத்துட்டு வந்து உங்க மேஜையில வைக்கறேன். நீங்க பிடுங்கினதா இருக்காது, தானா போனதா இருக்கும். எனக்கு அது போதும்."

"இவ்வளவு பிடிவாதம் உனக்கு எங்கேர்ந்து வந்தது?"

"எப்பவும் இருந்துச்சு. நீங்க பார்க்கல."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தார்; உழைப்பு, கிளினிக், நிற்கக்கூட நேரமில்லாத வருடங்கள். டீச்சர் குறுக்கே பேசவில்லை. கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகச் சொன்னால் முகத்தை அல்ல, வாயை. உதடு அசைவதைப் பார்த்தே பேச்சைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிற கண் அது. பேசி முடியும் வரை அந்தக் கண் நகரவில்லை.

"கொஞ்சம் இப்படி வெளிச்சத்துக்கு வாங்க" என்றார் டீச்சர்.

"எதுக்கு?"

"கீழ் வரிசையில, நடுவுல, ஈறு வீங்கி செக்கச்செவேல்னு இருக்கு. ஓரத்துல ரத்தமும் காஞ்சிருக்கு. பேசறப்ப தெரியுது. கடைசியா யார்கிட்ட வாயைக் காட்டினீங்க?"

சமையலறை வாசலில் நின்ற தங்கை ஓரடி முன்னால் வந்தார்.

"நாளைக்குக் காலைல டோக்கன் போட்டுட்டு வந்து உக்காருங்க" என்றார் டீச்சர். "உங்க ரூம்ல இல்ல. இவ ரூம்ல. இவ பார்த்து முடிச்சுட்டு என்கிட்ட சொல்லட்டும். வீட்டுக்கு வர்றதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

இத்தனை காலமும் பார்த்தவர்களிடம் எல்லாம் வாயைத் திற, வாயைத் திற என்று சொன்ன மனிதர், வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.